குறி விழாத கட்டம்

என் வேதாகமத்துக்குள் மடித்து வைத்திருக்கும் அட்டை அது. முன்பக்கம் ஜனவரி முதல் ஜூன் வரை, பின்பக்கம் ஜூலை முதல் டிசம்பர் வரை. ஒவ்வொரு நாளுக்கும் எதிரே ஒரு சின்னக் கட்டம். அன்றைய பகுதியை வாசித்து முடித்ததும் அதில் ஒரு குறி போட வேண்டும். 66 ஆகமங்கள், 1,189 அதிகாரங்கள். வாரநாளில் மூன்று, ஞாயிற்றுக்கிழமை ஐந்து என்று வாசித்துக்கொண்டே போனால், ஆதியாகமத்தில் புறப்பட்டவர் வருடம் முடிவதற்குள் வெளிப்படுத்தின விசேஷத்தில் வந்து சேர்வார். நம் சபைகளில் ஞாயிறு பள்ளி போய் வளர்ந்த யாருக்கும் இந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

அந்த அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் என் வாசிப்பின் சரித்திரம் முழுவதும் தெரியும். ஜனவரிக் குறிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சாய்வில் இருக்கின்றன. ஒன்று நீல மை, ஒன்று கறுப்பு, ஒன்று பென்சில். தினம் ஒன்றாகப் போட்டவை. பிப்ரவரி முதல் வாரத்தில், லேவியராகமம் வரும் இடத்தில், ஏழு கட்டங்களில் ஒரே மை, ஒரே சாய்வு, ஒரே அழுத்தம். ஒரு வாரப் பாக்கியை ஒரே இரவில் தீர்த்திருக்கிறேன். எந்த இரவு என்று நினைவில்லை. அந்த ஏழு நாள் பகுதியில் என்ன வாசித்தேன் என்பதும் நினைவில்லை.

அப்படி மூன்று வருடங்கள் தொடர்ந்து அட்டையை நிரப்பினேன். ஆண்டிறுதி ஆராதனைக்குப் புறப்படுமுன் கடைசிக் கட்டத்தில் குறி போடும்போது மனசுக்குள் ஒரு நிறைவு வரும். அந்த மூன்று வருடங்களும் நான் என் அண்ணனோடு பேசவில்லை.

அப்பா இறந்தபின் வந்த பாகப்பிரிவினையில் ஏற்பட்ட மனத்தாங்கல். யார் பக்கம் நியாயம் என்பது இந்தக் கட்டுரைக்கு வேண்டாதது. வேண்டியது வேறொன்று. காணிக்கையோடு பலிபீடத்தண்டை வந்தவனுக்குத் தன்மேல் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாக வேண்டும் என்று இயேசு மலைப்பிரசங்கத்தில் சொன்னது, மத்தேயு ஐந்தாம் அதிகாரம், என் அட்டையின்படி ஒவ்வொரு அக்டோபரிலும் இரண்டாம் வாரத்தில் வரும். மூன்று அக்டோபர்களிலும் அந்த அதிகாரத்தைக் கடந்திருக்கிறேன். மூன்று அக்டோபர்களிலும் குறி போட்டிருக்கிறேன். நான்காம் வருடம்தான் அந்தக் கட்டத்தின்மேல் பேனாவை வைத்தவன் குறி போட முடியாமல் எடுத்தேன். ஏன் அந்த வருடம் மட்டும் கை நின்றது என்று எனக்கே விளங்கவில்லை. கிருபை என்ற சொல்லைத் தவிர அதற்கு வேறு பெயர் எனக்குத் தெரியாது.

அன்று தொடங்கிய யோசனை இது. நாம் எல்லாரும் வாசிக்கிறோம். காலையில் தேநீருக்கு முன், இரவில் குடும்ப ஜெபத்தில், ரயிலில் கைப்பேசியில், ஆலயத்தில் முறை வரும்போது மேடையில். வாசிக்காத கிறிஸ்தவனை எச்சரிக்கும் பிரசங்கங்கள் ஏராளம் கேட்டிருக்கிறோம். வாசிக்கிற கிறிஸ்தவனுக்கு நேரக்கூடிய ஆபத்தைப் பற்றி அவ்வளவாகக் கேட்டதில்லை. வாசித்தும் வளராமல் இருக்க முடியும் என்பதும், வாசிப்பே வளர்ச்சிக்குப் பதிலாக வந்து உட்கார்ந்துகொள்ள முடியும் என்பதும், அடங்கிய குரலிலாவது நாம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வேண்டிய செய்தி.

நோக்கத்தோடு வாசிக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். நோக்கம் என்ற சொல்லுக்கு நம் மொழியில் இரண்டு பொருள் உண்டு. குறிக்கோளும் அதுவே, பார்வையும் அதுவே. குறி என்ற சொல்லும் அப்படித்தான். கட்டத்தில் போடுவதும் குறி, வில்லாளி கண்ணில் நிறுத்துவதும் குறி. நான் முதல் பொருளைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதை இழந்திருந்தேன். வேதாகமத்தை எண்ணுவதற்கு நாம் வைத்திருக்கும் அளவுகள்கூட மிகப் பிற்காலத்தவை. இன்று நாம் வாசிக்கும் அதிகாரப் பிரிவுகள் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்டீபன் லாங்டன் வகுத்தவை என்பார்கள். புதிய ஏற்பாட்டின் வசன எண்கள் 1551இல் அச்சகர் ராபர்ட் எஸ்தியென் இட்டவை. பவுலின் நிருபத்தை முதன்முதலாகக் கேட்ட சபைக்கு அதிகாரமும் இல்லை, வசனமும் இல்லை. ஒரு மனிதனின் குரல் தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே மூச்சில் வந்து சேர்ந்தது. தேடி எடுக்க வசதியாக இருக்கட்டும் என்று பின்னால் வந்தவர்கள் நட்ட வரப்புக் கற்களை நான் விளைச்சல் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

எண்ணிக்கையை விட்டுவிட்டால் மட்டும் சரியாகிவிடுமா? அதுவும் இல்லை. புத்தாண்டு ஆராதனை முடிந்து வாக்குத்தத்த அட்டை எடுக்க நாம் வரிசையில் நிற்போம். தட்டில் கவிழ்த்து வைத்த அட்டைகளில் ஒன்றை எடுத்துத் திருப்பும்போது, பெரியவர்கள் முகத்திலும் ஒரு குழந்தையின் எதிர்பார்ப்பு இருக்கும். அந்த வழக்கத்தை நான் குறை சொல்லவில்லை. நோயாளி தலையணைக்கடியில் அந்த அட்டையை வைத்துக்கொண்டு ஒரு வருடத்தைக் கடந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அட்டையில் வரும் ஒரு வசனத்துக்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் இருந்துவிடுவது நம்மிடம் பழகிப்போயிற்று. எரேமியா 29ஆம் அதிகாரத்தின் 11ஆம் வசனத்தை எடுத்துக்கொள்வோம். உங்களைக் குறித்து நான் கொண்டிருப்பவை தீமைக்கல்ல, சமாதானத்துக்கேற்ற நினைவுகள் என்ற பொருளில் தேவன் பேசும் அந்த வசனம் நம் வீட்டுச் சுவர்களில் தொங்குகிறது. திருமண அழைப்பிதழ்களில் வருகிறது. எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதத்தில் இருக்கும் வசனம் அது. அதற்கு முந்தைய வசனம் எழுபது வருடம் என்று சொல்கிறது. கடிதத்தைக் கையில் வாங்கியவர்களில் வளர்ந்தவர்கள் பெரும்பாலும் அந்த நாளைக் காணமாட்டார்கள் என்பதே அதன் பொருள். அதற்கும் முன்னால், அந்நிய மண்ணில் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்கு மணம் முடியுங்கள், உங்களைச் சிறைப்பிடித்த பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்று இருக்கிறது. தன்னை நொறுக்கிய ஊருக்காக ஜெபிக்கச் சொல்லும் கட்டளையை விட்டுவிட்டு வாக்குத்தத்தத்தை மட்டும் கத்தரித்து எடுத்தால், நமக்குக் கிடைப்பது ஆறுதலின் பாதிதான். அந்தப் பாதி, துன்பம் நீளும்போது நம்மைத் தாங்காது. முழுக் கடிதத்தையும் வாசித்தவனுக்கு எழுபது வருடக் காத்திருப்பும் வாக்குத்தத்தத்தின் உள்ளேயே இருக்கிறது.

நோக்கம் இருப்பது மட்டும் போதாது என்பதற்குச் சுவிசேஷங்களே சாட்சி. வனாந்தரச் சோதனையின்போது சோதனைக்காரன் 91ஆம் சங்கீதத்தைச் சரியாகத்தான் எடுத்துச் சொன்னான். சொல்லில் பிழை இல்லை, நோக்கத்தில் இருந்தது. ஆலயத்து உப்பரிகையிலிருந்து குதிக்கச் செய்ய அந்தச் சங்கீதம் அவனுக்குத் தேவைப்பட்டது. மூன்று சோதனைகளுக்கும் இயேசு தந்த பதில்கள் உபாகமத்திலிருந்து வந்தவை. நாற்பது வருடம் அலைந்த மக்களுக்குக் கீழ்ப்படிதலைக் கற்பித்த பக்கங்கள் அவை. பசியின் நாற்பதாம் நாளில் ஒருவருக்குள்ளிருந்து தானாக எழும்பி வருவதுதான் அவர் உண்மையில் வாசித்தது.

லூக்கா பத்தாம் அதிகாரத்தில் ஒரு நியாயசாஸ்திரி வருகிறான். நித்தியஜீவனைச் சுதந்தரிக்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறான். இயேசு அவனிடம் இரண்டு கேள்விகளைத் திருப்பிக் கேட்கிறார்: நியாயப்பிரமாணத்தில் எழுதியிருப்பது என்ன என்பது ஒன்று, நீ வாசிப்பது எப்படி என்பது மற்றொன்று. நம் பழைய மொழிபெயர்ப்பில் இரண்டாவது கேள்வி என்ன வாசித்திருக்கிறாய் என்ற பொருளில் வருகிறது. கிரேக்க மூலத்தில் இருப்பது எப்படி என்ற சொல். முதல் கேள்விக்கு அவன் பிழையில்லாமல் பதில் சொல்லிவிட்டான். தேவனை முழு இருதயத்தோடு நேசிப்பதை உபாகமத்திலிருந்தும், பிறனைத் தன்னைப்போல் நேசிப்பதை லேவியராகமத்திலிருந்தும் எடுத்துக் கோத்துக் கொடுத்தான். முழு மதிப்பெண் பெறக்கூடிய விடை. இரண்டாம் கேள்விதான் மிச்சமிருந்தது. அதற்கு அவன் அறியாமலே பதில் சொன்னான்: எனக்குப் பிறன் யார் என்று கேட்டான். தன்னை நீதிமானாகக் காட்ட மனதாகி அப்படிக் கேட்டான் என்று லூக்கா எழுதிவைத்திருக்கிறார். எவ்வளவு தூரம் நேசித்தால் போதும், எந்த எல்லைக் கல்லுக்கு அப்பால் நேசிக்க வேண்டாம் என்று தெரிந்துகொள்வதற்காகவே அவன் அந்தக் கட்டளையை வாசித்திருந்தான்.

எரிகோவுக்குப் போகும் வழியில் குற்றுயிராய்க் கிடந்தவனைக் கண்டு விலகிப்போன ஆசாரியனும் லேவியனும் வாசிக்காதவர்களா என்ன? அந்தத் தேசத்தில் மிகுதியாக வாசித்த இரண்டு வகுப்பார் அவர்கள். கதை முடிந்ததும் இயேசு கேள்வியையே திருப்பிப்போட்டார். யார் எனக்குப் பிறன் என்பது போய், விழுந்து கிடந்தவனுக்கு யார் பிறனாக ஆனான் என்று வந்து நின்றது. நியாயசாஸ்திரி ஒரு கேள்வியோடு வந்தான். வேறொரு கேள்வியோடு திரும்பினான். நல்ல வாசிப்பில் நடப்பது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. நாம் கொண்டுபோகும் நோக்கம் தவறானது என்பதில்லை; அந்த நியாயசாஸ்திரியும் கேட்கத் தகுந்ததைத்தான் முதலில் கேட்டான். ஆனால் வேதம் நம் கேள்வியை வாங்கிக்கொண்டு, நாம் கேட்கத் துணியாத கேள்வியை நம் கையில் கொடுத்து அனுப்புகிறது.

அவன் எடுத்துக் கோத்த லேவியராகம வசனம் அந்த ஆகமத்தின் 19ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அதற்கு முந்தைய வசனம், உன் சகோதரனை உள்ளத்தில் பகைக்காதே என்கிறது. நான் ஒரே இரவில் ஒரே மையில் குறி போட்டுத் தீர்த்த அந்த ஏழு கட்டங்களுக்குள் இந்த அதிகாரமும் இருந்தது.

கற்பவர்களை வகைப்படுத்த நன்னூல் விலங்குகளையும் பறவைகளையும் பண்டங்களையும் உவமையாகக் காட்டுகிறது. தலைமாணாக்கருக்கு அன்னமும் பசுவும் உவமை. கடைமாணாக்கருக்குச் சொன்ன நான்கில் ஆடும் ஒன்று. ஆட்டின் முன்னால் தழை நிறைந்த ஒரு செடி இருந்தாலும், அதை வயிறார மேயாமல் இங்கே ஒரு வாய், அங்கே ஒரு வாய் என்று செடிக்குச் செடி தாவிக்கொண்டே போகும். பசு புல்லைக் கண்ட இடத்தில் நின்று மேய்ந்து, பிறகு நிழலில் படுத்துக் கண்ணை மூடி அசைபோடும். காலையில் கைப்பேசி காட்டும் ஒரு வசனம், அதற்குக் கீழே இன்னொரு படம், அதற்குக் கீழே ஒரு காணொளிப் பிரசங்கம் என்று நாம் தாவும்போதெல்லாம் அந்த ஆடு எனக்கு நினைவுக்கு வருகிறது. 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கார்த்தூசியத் துறவி இரண்டாம் கீகோ வேத வாசிப்பை நான்கு படிகள் கொண்ட ஏணியாக விளக்கினார். வாசிப்பு, தியானம், ஜெபம், தேவ சமூகத்தில் மௌனமாய் இருத்தல். வாசிப்பு உணவை வாயில் இடுகிறது, தியானம் அதை மெல்லுகிறது என்பது அவர் விளக்கம். பிரான்சின் மலை மடத்துத் துறவியும் நம் இலக்கண நூலாரும் ஒருவரை ஒருவர் அறியாமலே மெல்லுகிற ஒரு வாயைப் பார்த்திருக்கிறார்கள்.

முதலாம் சங்கீதத்தில் இரவும் பகலும் வேதத்தைத் தியானிக்கிறவன் என்று வரும் இடத்தில் இருக்கும் எபிரெயச் சொல், வாய்க்குள் முணுமுணுப்பதைக் குறிக்கும். இரையின்மேல் கவிந்து உறுமும் சிங்கத்துக்கும், புறாவின் விம்மலுக்கும் ஏசாயா அதே சொல்லை ஆள்கிறார். அப்படியானால் தியானம் என்பது அசைவற்ற மௌனம் மட்டும் இல்லை. இரையை விடமாட்டேன் என்னும் உறுமலும், வலி தாளாத விம்மலும் அதற்குள் உண்டு. நம் வீட்டு முதியவர்கள் வேதத்தை ஒருவித ராகத்தோடு வாய்விட்டு வாசிப்பதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கண் மங்கியதால் மெதுவாக வாசிக்கிறார்கள் என்று சிறுவயதில் நினைத்திருந்தேன். ஒரே வசனத்தில் அவர்கள் கால்மணி நேரம் நின்றதற்குக் காரணம் கண் மட்டும் இல்லை என்று இப்போது தெரிகிறது.

வாசிப்பில் எது நேர வேண்டும், எது நேராமல் போகலாம் என்பதற்கு வேதமே இரண்டு ராஜாக்களைக் காட்டுகிறது. ஒருவன் தகப்பன், மற்றவன் அவன் மகன். யோசியா ராஜாவின் 18ஆம் வருடத்தில், தேவாலயத்தைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தபோது நியாயப்பிரமாணப் புஸ்தகம் ஒன்று கிடைத்தது. சம்பிரதியாகிய சாப்பான் முதலில் வேலையாட்களின் பணக் கணக்கை ஒப்புவிக்கிறான். அதன் பிறகே, ஆசாரியன் ஒரு புஸ்தகத்தைக் கொடுத்தான் என்று சொல்லி ராஜாவுக்கு முன் வாசிக்கிறான். கேட்ட ராஜா தன் வஸ்திரங்களைக் கிழித்துக்கொண்டான். இருபது வருடம் கழிவதற்குள் அவன் மகன் யோயாக்கீம் குளிர்காலத்து அரண்மனையில் கணப்புக்கு முன் உட்கார்ந்திருக்கிறான். எரேமியா சொல்லச் சொல்லப் பாருக்கு எழுதிய சுருளை யெகுதி என்பவன் வாசிக்கிறான். மூன்று நான்கு பத்திகள் வாசித்தானோ இல்லையோ, ராஜா கத்தியால் அதை அறுத்துக் கணப்பில் போடுகிறான். மறுபடி வாசிப்பு, மறுபடி கத்தி, சுருள் முழுவதும் எரிந்து தீரும்வரை. எழுத்தர்கள் வைத்திருக்கும் சூரிக்கத்தி அது. அங்கே இருந்தவர்களில் யாரும் பயப்படவுமில்லை, தங்கள் வஸ்திரங்களைக் கிழித்துக்கொள்ளவுமில்லை என்று எரேமியாவின் புஸ்தகம் சேர்த்துச் சொல்லும்போது, தகப்பனை நினைவில் வைத்துத்தான் சொல்கிறது.

இரண்டு பேரும் முழுவதும் கேட்டார்கள் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. யோயாக்கீம் வாசிக்கவிடாமல் தடுக்கவில்லை. ஒரு பத்திகூட விடாமல் கடைசிவரை கேட்டான். அட்டை அவன் கையில் இருந்திருந்தால் அன்றைய கட்டத்தில் குறி போட்டிருப்பான். தகப்பன் வார்த்தைக்கு முன்னால் தன்னைக் கிழித்தான். மகன் தனக்கு முன்னால் வார்த்தையைக் கிழித்தான். வேதத்தோடு உட்காரும் ஒவ்வொரு காலையிலும் இந்த இரண்டில் ஒன்று நடக்கிறது என்றே நான் நம்புகிறேன், நம் கையில் கத்தி இல்லாவிட்டாலும். குத்துகிற பகுதியை வேகமாகக் கடப்பது ஒரு அறுப்பு. இது அந்தக் காலத்துக்குச் சொன்னது என்று ஒதுக்குவது ஒரு அறுப்பு. இதை இன்னார் கேட்க வேண்டுமே என்று அடுத்தவர் முகத்தை நினைத்துக்கொண்டு வாசிப்பது மிக நேர்த்தியான அறுப்பு. அதில் வசனத்துக்குச் சேதம் இருப்பதாகவே தெரியாது. மலைப்பிரசங்கத்தை நான் அப்படித்தான் மூன்று வருடம் வாசித்தேன். ஒப்புரவாக வேண்டிய அந்தச் சகோதரன் என்று வரும்போதெல்லாம், அதை வாசிக்க வேண்டியவர் அண்ணன்தான் என்று எனக்குத் தோன்றியது.

தன்னைக் கிழித்துக்கொண்ட வாசகர்களில் பண்டித ரமாபாயின் வாழ்க்கை என்னை விடாமல் பின்தொடர்கிறது. 1858இல் பிறந்தவர். சாஸ்திரங்களைத் தகப்பனிடமும் தாயிடமும் கற்றுத் தேர்ந்து, கல்கத்தாவில் பண்டிதை என்றும் சரஸ்வதி என்றும் பட்டம் பெற்றவர். திருமணமாகி அசாமில் இருந்தபோது வங்காள மொழியில் அச்சிட்ட லூக்கா சுவிசேஷம் ஒன்று வீட்டுப் புத்தகங்களுக்கிடையே அவர் கண்ணில் பட்டது. அவருக்கு ஒரு கேள்வி இருந்தது. பெண்ணுக்கு மீட்பு உண்டா, சமூகம் தள்ளிவிட்டவளுக்கு இடம் உண்டா என்ற கேள்வி. 1883இல் இங்கிலாந்து போனார். அங்கே வாண்டேஜ் மடத்துச் சகோதரிகள் லண்டனின் புல்ஹாம் பகுதியில் வாழ்வு கெட்ட பெண்களைச் சேர்த்துப் பராமரிப்பதைக் கண்டு, இதை ஏன் செய்கிறீர்கள் என்று கேட்டார். பதிலாக ஒரு சகோதரி யோவான் நான்காம் அதிகாரத்தை, கிணற்றடியில் இயேசுவோடு பேசிய சமாரிய ஸ்திரீயின் கதையை, வாசித்துக் காட்டினார். அந்த ஆண்டு ரமாபாய் ஞானஸ்நானம் பெற்றார். நம்மில் பலர் இங்கே கதையை முடித்து அல்லேலூயா சொல்லிவிடுவோம். அவர் முடிக்கவில்லை. தாம் அப்போது கண்டடைந்தது கிறிஸ்தவ மார்க்கத்தை, கிறிஸ்துவையே கண்டடைய இன்னும் பல ஆண்டுகள் ஆயின என்று பின்னாளில் தம் சாட்சியில் மனம்திறந்து எழுதினார்.

வாசித்தது அவரிடம் என்னவாக ஆயிற்று என்று பார்த்தால் கை கூப்பத் தோன்றும். பம்பாயில் 1889இல் விதவைகளுக்காகச் சாரதா சதன். 1896இல் பஞ்சம் வந்தபோது மத்திய மாகாணங்களுக்குப் போய், பட்டினியில் கைவிடப்பட்ட பெண்களையும் சிறுமிகளையும் கூட்டிவந்தார். பூனாவுக்கு அருகே கேட்கானில் முக்தி இல்லம். அங்கே சேர்ந்த பெண்கள் வேதத்தைப் பிடித்து வாசித்தபோது, அப்போதிருந்த மராத்தி மொழிபெயர்ப்பின் நடை எளியவர்களுக்கு எட்டவில்லை என்று கண்டார். சமஸ்கிருதத்தில் கரைகண்ட அந்தப் பண்டிதை நடுவயதைக் கடந்தபின் எபிரெயமும் கிரேக்கமும் கற்கத் தொடங்கினார். முழு வேதாகமத்தையும் பேச்சுக்கு நெருக்கமான மராத்தியில் பெயர்த்தார். முக்தியின் அச்சகத்தில் எழுத்துக் கோத்து அதை அச்சிட்டவர்கள் அந்த இல்லத்துப் பெண்களே. வேலையைச் சரிபார்த்து முடித்த கையோடு 1922 ஏப்ரலில் கண்மூடினார். பஞ்சத்தில் தெருவோரம் கிடந்த ஒரு சிறுமி, சில ஆண்டுகள் கழித்து ஆதியாகமத்தின் எழுத்துகளை ஈய அச்சாக ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கிக்கொண்டிருக்கிறாள். தனக்கு முன் யாரும் தன்னைக் கருதி எழுதாத புத்தகத்தைத் தன் விரல்களாலேயே தன் இனத்தாருக்காகக் கோக்கிறாள். நோக்கத்தோடு வாசித்தல் என்று சொல்லும்போது என் மனக்கண்ணில் நிற்பது அந்த விரல்கள்.

இங்கே ஒன்று புலப்படுகிறது. ஏட்டில் இருப்பதை அறிவுக்குள் கொண்டுவருவதோடு வாசிப்பு முடிந்துவிடுவதில்லை. அறிவுக்குள் வந்தது மனச்சாட்சியைத் தொட்டு, மனச்சாட்சி கால்களை அசைத்து, கால்கள் நம்மை ஒரு மனிதனின் வாசலுக்குக் கொண்டுபோய் நிறுத்தும்வரை அந்த வாசிப்பு நடுவழியில்தான் நிற்கிறது. விசுவாசத்தில் வளர்தல் என்று நாம் சொல்லுவதும், முன்பு தெரியாத வசனங்கள் இப்போது தெரிகின்றன என்பதைக் குறிக்காது. முன்பு நமக்கு வலிக்காமல் கடந்துபோன வசனம் இப்போது வலிக்கிறது என்பதையும், முன்பு நம்மைத் தொடாமல் தப்பிக்க முடிந்த இடத்தில் இப்போது தப்பிக்க முடியவில்லை என்பதையும், நாம் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பார்வை மெல்லத் திரும்பி, அந்தப் புத்தகத்தின் தேவன் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும் பார்வைக்குள் நாம் நிற்கப் பழகுகிறோம் என்பதையும் குறிக்கும். அந்தப் பார்வையின்கீழ் நிற்பது எளிதன்று. ஆனால் அங்கே நிற்கிறவனுக்குத்தான் தன் நோக்கம் எது, தேவ நோக்கம் எது என்ற வேறுபாடு முதன்முதலாகத் தெரியத் தொடங்குகிறது. ஜான் பன்யன் 1678இல் வெளியிட்ட பயணியின் கதை, கந்தல் உடுத்து, கையில் ஒரு புத்தகமும் முதுகில் ஒரு சுமையுமாய் நிற்கும் மனிதனோடு தொடங்குகிறது. அதைத் தழுவி 1894இல் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை தமிழுக்கு இரட்சணிய யாத்திரிகம் தந்தார். சுமையின் கனம் புத்தகத்தைத் திறந்தபின்தான் அந்த மனிதனுக்கு உறைக்கிறது. வாசிப்பு சுமையை உடனே இறக்கிவிடுவதில்லை. முதலில் உணர்த்துகிறது, பிறகு வீட்டைவிட்டு வெளியே நடக்கச் செய்கிறது.

நான்காம் வருட அக்டோபரில் குறி விழாத அந்தக் கட்டத்தை விட்டுவிட்டு மேலே வாசித்துக்கொண்டுதான் போனேன். மத்தேயு முடிந்தது, மாற்கு முடிந்தது. ஆனால் ஒவ்வொரு நாளும் குறி போட அட்டையை எடுக்கும்போது அந்த ஒரு கட்டம் வெள்ளையாகத் தெரிந்தது. நவம்பரில் ஒரு சனிக்கிழமை, மறுநாள் ஆலயத்தில் திருவிருந்து. சாயங்காலம் சட்டையை மாட்டிக்கொண்டு, வீட்டில் யாரிடமும் சொல்லாமல், அண்ணன் வீட்டுக்குப் போனேன். நாங்கள் பிறந்து வளர்ந்த வீடு. இடைப்பட்ட வருடங்களில் கேட்டுக்கு வேறு வண்ணம் அடித்திருந்தார்கள்.

மதினிதான் முதலில் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் உள்ளே திரும்பிப் பார்த்தாள். அண்ணன் வந்து வாசற்படியில் நின்றார். வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வாக்கியங்கள் ஒன்றும் வரவில்லை. நான் பேசினதெல்லாம் தப்புண்ணே என்று மட்டும் வந்தது. அவர் என்னைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு, "மழை தூறுது, உள்ள வா" என்றார்.

பங்கு விஷயம் இன்னும் தீரவில்லை. இரண்டு முறை உட்கார்ந்து பேசியிருக்கிறோம். இன்னும் பேச வேண்டியிருக்கிறது. அன்றிரவு வீட்டுக்கு வந்து வேதாகமத்தைத் திறந்து அட்டையை எடுத்தேன். பேனாவையும் எடுத்தேன். மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து மறுபடியும் வாய்விட்டு வாசித்தேன், மெதுவாக. ஒப்புரவைப் பற்றிய வசனங்களைத் தாண்டிப் போனால், ஒரு மைல் தூரம் வரக் கட்டாயப்படுத்துகிறவனோடு இரண்டு மைல் போகச் சொல்லும் இடம் வந்தது. பேனாவை மூடி வைத்துவிட்டு விளக்கை அணைத்தேன்.